ஹெக்டர் ஏன் இன்னும் தலைக்கவசத்தைக் கழற்றவில்லை?

முதலில் ஒரு தப்பை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். நான்கு வருடங்களுக்கு முன்னால் பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியம் பற்றிக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது ஆங்கெலிகா காஃப்மனுக்கு நான் ஒதுக்கிய இடம் ஒன்றரை வரி. "இனிப்பு அதிகம். பீங்கான் தட்டுக்கும் கூரை அலங்காரத்துக்கும் ஏற்ற கை." இவ்வளவுதான். எழுதி முடித்ததும் ஏதோ பெரிதாகக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி ஒரு திருப்தி வேறு. இப்போது அந்த நோட்டைப் புரட்டினால் கூச்சமாக இருக்கிறது. அதில் என் சொந்தக் கருத்து என்று ஒன்றுமே இல்லை. இருநூற்றைம்பது வருடமாக லண்டன் விமர்சகர்கள் திருப்பித் திருப்பிச் சொன்னதை நானும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

மறுபடி அவரிடம் போகக் காரணம் ஹோமர். போன மாதம் வேறொரு வேலைக்காக இலியட்டின் ஆறாம் காண்டத்தைப் படிக்க வேண்டியிருந்தது. ஹெக்டர் மனைவியிடமும் குழந்தையிடமும் விடைபெறும் கட்டம் அதில்தான் வருகிறது. அதை வரைந்தவர்கள் யார் யார் என்று தேடிப் பத்துப் பன்னிரண்டு படங்களை வரிசையாகத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தக் காட்சிக்கு ஏக கிராக்கி. பாரிஸில் ஜான் ரெஸ்தூ 1720களின் இறுதியிலேயே வரைந்துவிட்டார். ரஷ்யாவில் அந்தோன் லோசென்கோ 1773இல் வரைந்தார். ஸ்காட்லாந்துக்காரர் கேவின் ஹாமில்டன் ரோமில் உட்கார்ந்து வரைந்தார். ஜோசஃப்-மரீ வியன் 1786இல் வரைந்த பெரிய படம் லூவ்ரில் இருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை. லோசென்கோ பாரிஸில் படித்தபோது அவருக்கு ஆசிரியர்களாக இருந்தவர்கள் இதே ரெஸ்தூவும் வியனும்தான். ஒரு வாத்தியார் வரைந்ததை மாணவன் வரைந்தான், மாணவன் செத்துப் பதின்மூன்று வருடம் கழித்து இன்னொரு வாத்தியார் வரைந்தார். லோசென்கோவுக்கு இதுவே கடைசிப் பெரிய படம். அதே 1773இல் முப்பத்தாறு வயதில் போய்விட்டார்.

இந்த வரிசையில் ஆங்கெலிகா காஃப்மனின் படமும் இருக்கிறது. 1768இல் வரைந்தது, கித்தானில் எண்ணெய் வண்ணம். இப்போது இங்கிலாந்தின் பிளிமத் நகரத்துக்குப் பக்கத்தில் சால்ட்ரம் என்ற பழைய மாளிகையில், நேஷனல் டிரஸ்டின் பொறுப்பில் இருக்கிறது. நான் பார்த்தது கணினித் திரையில்தான். அதனால் வண்ணத்தைப் பற்றி அதிகம் பேசமாட்டேன். யார் எங்கே நிற்கிறார்கள், கை எங்கே இருக்கிறது, தலையில் என்ன இருக்கிறது என்பதற்குத் திரை போதும்.

ஹெக்டர் கவசத்தோடு நிற்கிறான். தலையில் இறகு வைத்த தலைக்கவசம். ஆண்ட்ரோமகி அவன்மேல் சாய்ந்திருக்கிறாள், அவள் கை அவன் கையில். குழந்தையைத் தாதி வைத்திருக்கிறாள். பின்னால் நகரத்தின் கல் கட்டடங்கள். (பெயரைச் சிலர் ஆண்ட்ரோமாக் என்று எழுதுவார்கள். அது ரசீனின் நாடகம் வழியாக வந்த பிரெஞ்சு உச்சரிப்பு. நான் கிரேக்கத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கட்டும் என்று இப்படி எழுதுகிறேன்.)

சரி, கதையை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுவோம். அது இல்லாமல் படத்தைப் பேச முடியாது.

போர்க்களத்தில் நிலைமை மோசம். அத்தீனாவுக்கு வேண்டுதல் செய்யச் சொல்லி அம்மாவிடம் சொல்வதற்காக ஹெக்டர் ஊருக்குள் வருகிறான். அம்மா ஹெக்குபா கொஞ்சம் மது குடித்துவிட்டுப் போ என்கிறாள். வேண்டாம் என்கிறான். தம்பி பாரிஸின் வீட்டில் ஹெலன், உட்கார் என்று இருக்கை காட்டுகிறாள். அதுவும் வேண்டாம் என்கிறான். அவசரம். தன் வீட்டுக்குப் போனால் மனைவி இல்லை. டிராய் படை பின்வாங்குகிறது என்று கேள்விப்பட்டுப் பித்துப் பிடித்தவள் மாதிரி கோட்டைக் கோபுரத்துக்கு ஓடியிருக்கிறாள். வந்த வழியே திரும்புகிறான். ஸ்கையன் வாசலில், ஊரைத் தாண்டப்போகிற நேரத்தில், அவள் எதிரே ஓடி வருகிறாள். பின்னால் தாதி, அவள் மார்பில் குழந்தை.

இதற்குப் பிறகு ஹோமர் வைக்கும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் ஹெக்டர் பேசாமல் குழந்தையைப் பார்த்துப் புன்னகைக்கிறான். ஆண்ட்ரோமகி அழுதுகொண்டே பக்கத்தில் வந்து அவன் கையைப் பற்றிக்கொண்டு பேசுகிறாள். நீளமாகப் பேசுகிறாள். தன் அப்பாவையும் ஏழு அண்ணன் தம்பிகளையும் அக்கிலீஸ் கொன்றதைச் சொல்கிறாள். அம்மாவும் போய்விட்டாள், எனக்கு அப்பா அம்மா உடன்பிறப்பு எல்லாம் நீதான் என்கிறாள். பிறகு அவன் பதில். தலைமறைவாக நின்றால் ஊர் என்ன சொல்லும் என்கிறான். டிராய் ஒருநாள் விழும் என்று தனக்குத் தெரியும் என்கிறான். அப்பா, அம்மா, தம்பிகள் சாவதைவிட உன்னை எவனோ இழுத்துக்கொண்டு போய் அந்நிய ஊரில் தண்ணீர் சுமக்க வைப்பானே, அதுதான் தாங்கவில்லை என்கிறான். அதற்கப்புறம்தான் குழந்தையை வாங்கக் கை நீட்டுகிறான். குழந்தை அப்பாவின் தலைக்கவசத்தில் ஆடும் குதிரைமுடிக் குஞ்சத்தைப் பார்த்து மிரண்டு தாதியின் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறது. அப்பாவும் அம்மாவும் சிரித்துவிடுகிறார்கள். ஹெக்டர் தலைக்கவசத்தைக் கழற்றித் தரையில் வைக்கிறான். குழந்தையை முத்தமிட்டு, இவன் என்னைவிடப் பெரிய வீரனாக வரட்டும் என்று வேண்டிக்கொண்டு மனைவியிடம் கொடுக்கிறான். அவள் கண்ணீரோடு சிரித்தபடி வாங்கிக்கொள்கிறாள்.

அந்தச் சிரிப்பு. மூவாயிரம் வருடத்துக்கு அருகில் பழசான ஒரு போர்க்காவியத்தில், செத்துப்போவோம் என்று தெரிந்த ஒருத்தன் வாசலில் நின்று சிரிக்கிறான். எனக்கு இது எப்போதும் சொந்த அனுபவம் மாதிரி. என் மகளுக்கு ஒரு வயது இருக்கும்போது முழுமுக ஹெல்மெட்டோடு வீட்டுக்குள் நுழைந்தேன். வீல் என்று கத்தி அவள் அம்மா தோளில் ஒளிந்துகொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். ஹெல்மெட்டைக் கழற்றிச் செருப்பு ஸ்டாண்ட் மேல் வைத்தேன். அப்போது ஹோமர் ஞாபகம் வரவில்லை. பிறகு ஆறாம் காண்டத்தைப் படித்தபோது செருப்பு ஸ்டாண்டுதான் ஞாபகம் வந்தது.

இன்னொரு சங்கதி. ஹெக்டருக்கு ஹோமர் திரும்பத் திரும்பக் கொடுக்கும் அடைமொழிகளில் முக்கியமானது "கொரிதாயோலோஸ்". தலைக்கவசம் மின்னுகிறவன் என்று சொல்லலாம். அதாவது அது அவன் பெயரோடு ஒட்டிக்கொண்ட பொருள். அதைக் கழற்றி அவன் தரையில் வைப்பது இந்த ஒரு இடத்தில், ஒரு கைக்குழந்தைக்காக. பிறகு எடுத்து மாட்டிக்கொண்டு போய்விடுகிறான்.

இப்போது ஓவியர்களிடம் வருவோம். இந்தச் சிரிப்பை யாரும் ஒழுங்காக வரையவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு ரசனையில் வரலாற்று ஓவியம் என்றால் கம்பீரம் வேண்டும், கண்ணீர் வேண்டும், உயர்ந்த செயல் வேண்டும். பல்லைக் காட்டிச் சிரிப்பது சந்தைக் காட்சி வரைகிறவர்களின் வேலை. லோசென்கோவின் ஹெக்டர் கையை அகல நீட்டித் தேவர்களிடம் முறையிடுகிறான், நாடக மேடையில் நிற்கிறவன் போல. சுற்றிலும் வீரர்கள், அழும் பணிப்பெண்கள். நல்ல படம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஹெக்டர் மனைவியிடம் பேசவில்லை, அரங்கத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களிடம் பேசுகிறான்.

காஃப்மனின் படத்திலும் சிரிப்பு இல்லை. தலைக்கவசம் தலையிலேயே இருக்கிறது. முதலில் நான் இதைத்தான் குற்றமாக எழுதி வைத்தேன். ஹோமரின் மிகச் சிறந்த இடத்தை விட்டுவிட்டு, அழகாகச் சாய்ந்து நிற்கும் ஒரு தம்பதியை வரைந்திருக்கிறார் என்று. பிறகு படத்தின் பெயரைத் தேடிப் போனபோதுதான் இடித்தது.

இன்று எல்லா இடத்திலும் "ஆண்ட்ரோமகியிடம் விடைபெறும் ஹெக்டர்" என்றுதான் இதைச் சொல்கிறார்கள். ஆனால் 1769இல் லண்டன் ராயல் அகாடமியின் முதல் கண்காட்சியில் இந்தப் படம் வைக்கப்பட்டபோது அதன் தலைப்பு ஹெக்டருக்கும் ஆண்ட்ரோமகிக்கும் இடையிலான "இன்டர்வியூ". இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் நமக்கு வேலைக்குப் போகிற இன்டர்வியூதான் நினைவுக்கு வரும். அந்தக் காலத்து ஆங்கிலத்தில் நேருக்கு நேர் சந்தித்துப் பேசுவது என்று பொருள். விடைபெறுதல் என்ற சொல்லே அதில் கிடையாது.

இதை வைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். தலையில் தலைக்கவசம். குழந்தை இன்னும் தாதியிடம். ஆண்ட்ரோமகியின் கை ஹெக்டரின் கையில். ஹோமரின் வரிசையில் இது மூன்றும் சேர்ந்து நடக்கும் இடம் எது? விடைபெறும் இடம் இல்லை. அப்போது தலைக்கவசம் தரையில் இருக்கும், குழந்தை கைமாறியிருக்கும். அவள் கையைப் பற்றிக்கொண்டு பேசும் இடம் இது. காஃப்மன் சிரிப்பைத் தவறவிட்டார் என்று நினைத்திருந்தேன். அவர் அதற்கு அறுபது வரிக்குக் கொஞ்சம் கூடுதலாக முன்னாலேயே நின்றுவிட்டார். மற்றவர்கள் ஹெக்டரின் காட்சியாக வரைந்த இடத்தில் ஆண்ட்ரோமகியின் பேச்சை வரைந்திருக்கிறார்.

அந்தப் பேச்சுக்கு ஒரு பழைய வழக்கு உண்டு. அப்பா அம்மா கதையெல்லாம் சொன்ன பிறகு, பேச்சின் முடிவில், ஆண்ட்ரோமகி சட்டென்று ராணுவ ஆலோசனை சொல்கிறாள். படையை அத்திமரத்துப் பக்கம் நிறுத்து, அங்கேதான் மதில் ஏறச் சுலபம், எதிரிகளின் முக்கியத் தளபதிகள் மூன்றுமுறை அங்கே முயன்று பார்த்துவிட்டார்கள் என்கிறாள். கோபுரத்துக்கு ஓடியவள் சும்மா அழுதுகொண்டு நிற்கவில்லை, பார்த்திருக்கிறாள். கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் பெரிய உரைகாரர் அரிஸ்டார்கஸ் இந்த ஏழு வரிகளுக்குப் பக்கத்தில் குறி போட்டு வைத்தார், இவை ஹோமருடையவை ஆகாது என்று. அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, ஒரு பெண் படைத்தலைவனுக்கு யோசனை சொல்வது ஆண்ட்ரோமகிக்குப் பொருந்தாது என்பது. மதில் அங்கே பலவீனம் என்று அவள் சொன்னதே தப்பு என்பது அவர் சொன்ன இன்னொரு காரணம்.

ஹெக்டரும் அந்த யோசனைக்கு நேராகப் பதில் சொல்வதில்லை. கடைசியில் அவளைத் தடவிக்கொடுத்து, வீட்டுக்குப் போ, தறியையும் கதிரையும் கவனி, போர் ஆண்களின் பொறுப்பு என்கிறான். அன்பாகத்தான் சொல்கிறான். ஆனால் சொல்வது அதுதான்.

இங்கே இன்னொரு முடிச்சு இருக்கிறது. இது எனக்குத் தற்செயலாகத்தான் கண்ணில் பட்டது. 1769 கண்காட்சியில் காஃப்மன் வைத்தவை நான்கு படங்கள். ஹெக்டர்-ஆண்ட்ரோமகி ஒன்று. வீனஸ் ஈனியஸுக்கு வழிகாட்டுவது ஒன்று. பெண்களுக்கு நடுவில் பெண்ணுடையில் ஒளிந்திருந்த அக்கிலீஸை யுலிஸிஸ் கண்டுபிடிப்பது ஒன்று. நான்காவது, யுலிஸிஸின் வில்லைப் பெனலபி எடுப்பது. ஒடிஸியின் இருபத்தோராம் காண்டத்தில் வருவது. சேமிப்பறையிலிருந்து வில்லைக் கொண்டுவந்து போட்டியை அறிவிப்பவள் அவள். அதே காண்டத்தில் கொஞ்ச நேரம் கழித்து மகன் டெலமகஸ் அவளிடம் சொல்கிறான்: உள்ளே போ, தறியையும் கதிரையும் கவனி, வில் ஆண்களின் பொறுப்பு. ஹெக்டர் சொன்ன அதே வரிகள், போர் என்ற இடத்தில் வில். நான்கில் இரண்டு படங்கள், "தறிக்குப் போ" என்று ஒரு பெண்ணிடம் சொல்லப்படுவதற்குச் சற்று முந்தைய கணத்தில் நிற்கின்றன. காஃப்மன் இதைத் திட்டமிட்டுத்தான் செய்தார் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு படத்திலும் அவர் அந்த வரி வருவதற்கு முன்னாலேயே தூரிகையை நிறுத்திவிட்டார். அது கண்ணெதிரே இருக்கிறது.

காஃப்மனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1741இல் சுவிட்சர்லாந்தின் கூர் நகரில் பிறந்தவர். அப்பா ஆஸ்திரிய ஓவியர். அப்பாவோடு இத்தாலியில் ஊர் ஊராகச் சுற்றித் தொழில் கற்றார். ரோமில் புனித லூக்கா அகாடமி அவரை 1765இல் உறுப்பினராக்கியது. 1766இல் லண்டன் வந்தார். அடுத்த வருடம் கவுன்ட் ஹார்ன் என்று சொல்லிக்கொண்ட ஒரு மோசடிப் பேர்வழியை ரகசியமாகத் திருமணம் செய்து ஏமாந்து, 1768 தொடக்கத்தில் அதிலிருந்து மீண்டார். இந்தப் படமும் 1768. உடனே இரண்டையும் முடிச்சுப் போட்டுக் கட்டுரை எழுதச் சிலருக்குக் கை துறுதுறுக்கும். எனக்கு அதில் விருப்பமில்லை. ஏமாந்த பெண் சோகப் படம்தான் வரைவாள் என்பது விமர்சனம் இல்லை, திண்ணைப் பேச்சு.

அதே 1768 டிசம்பரில் ராயல் அகாடமி தொடங்கப்பட்டபோது நிறுவன உறுப்பினர்களில் இரண்டு பெண்கள். ஒருவர் காஃப்மன், இன்னொருவர் மலர் ஓவியர் மேரி மோசர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 1771-72இல் யோஹான் ஸோஃபானி அகாடமி உறுப்பினர்களை ஒரு குழுப்படமாக வரைந்தார். ஆடையில்லாத ஆண் மாடல்களைச் சுற்றி ஆண் ஓவியர்கள் நிற்கிறார்கள், பேசுகிறார்கள். இரண்டு பெண்களும் எங்கே? சுவரில் மாட்டிய இரண்டு உருவப்படங்களாக இருக்கிறார்கள். மாடல் இருக்கும் அறைக்குள் பெண்கள் வரக்கூடாதே! அவர்களுக்குப் பிறகு ஒரு பெண் முழு உறுப்பினராக வருவதற்கு 1936 வரை ஆனது, லாரா நைட். பெண் மாணவிகளுக்கு மாடலைப் பார்த்து வரையும் வகுப்பு கிடைத்தது 1893இல், அதுவும் மாடலுக்கு ஆடை சுற்றி.

அன்றைய கணக்கில் வரலாற்று ஓவியம்தான் உச்சி. உருவப்படம் அதற்குக் கீழே, பூவும் பழமும் இன்னும் கீழே. உச்சிக்குப் போக ஆண் உடலை வரையத் தெரிய வேண்டும். ஆண் உடலைப் பார்த்து வரையும் அறை பூட்டியிருக்கிறது. காஃப்மன் பழஞ்சிலைகளையும் வார்ப்புகளையும் முந்தைய ஓவியர்களின் படங்களையும் பார்த்துப் பார்த்துத் தேற்றிக்கொண்டு உச்சிக்கே போனார். போனதும் என்ன சொன்னார்கள்? உன் ஆண்கள் எல்லாம் பெண்கள் மாதிரி இருக்கிறார்கள் என்றார்கள். பீட்டர் பிண்டார் என்ற பெயரில் அங்கதக் கவிதை எழுதிய ஜான் வுல்காட் அதையே கேலிக்கு எடுத்துக்கொண்டார். சாவியைத் தராமல் வைத்துக்கொண்டு ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்கிற கதை.

இந்த நியாயம் ஒருபக்கம் இருக்கட்டும். அநியாயம் நடந்தது என்பதற்காக ஒரு படம் நல்ல படமாகிவிடாது. ஹெக்டர் உண்மையிலேயே பலவீனமாக இருக்கிறானா என்று பார்க்க வேண்டும். தசை முறுக்கு குறைவு, சரி. தோள் மென்மை, அதுவும் சரி. ஆனால் இந்தக் காட்சிக்குத் தசை முறுக்கு எதற்கு? அவன் இப்போது யாரையும் குத்தப் போவதில்லை. போக வேண்டியவன் போகாமல் நிற்கிறான். அம்மாவிடம் நிற்காதவன், ஹெலனிடம் உட்காராதவன் இங்கே நிற்கிறான்.

இதே 1769 கண்காட்சியில் பெஞ்சமின் வெஸ்ட் வைத்த ஒரு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் கேட்டு வரைந்தது. ரோமிலிருந்து கார்த்தேஜுக்கு, சித்திரவதைக்கும் சாவுக்கும் என்று தெரிந்தே திரும்பிப் போகும் ரெகுலஸ். அதுவும் ஒரு குடும்பத்தின் பிரிவுதான். மனைவி மயங்கிச் சரிகிறாள், அவனோ முடிவு செய்துவிட்டவனாக நிமிர்ந்து நிற்கிறான். கடமை இந்தப் பக்கம், குடும்பம் அந்தப் பக்கம். நடுவே காலி இடம். பதினைந்து வருடம் கழித்து 1784இல் டாவிட் ஹொராஷியஸ் சகோதரர்களின் சபதத்தை வரையும்போது இந்தக் காலி இடம் ஒரு சுவர் மாதிரி ஆகிவிடுகிறது. ஆண்கள் விறைத்த கையும் காலுமாக ஒருபக்கம், பெண்கள் மூலையில் குவியலாக இன்னொரு பக்கம். நம் கண் அந்த வகைப் படத்துக்குப் பழகிவிட்டது. அதனால்தான் ஹெக்டரும் ஆண்ட்ரோமகியும் ஒரே உருவமாகச் சேர்ந்து நிற்கும் படத்தைப் பார்த்ததும் "மென்மை" என்று எழுதத் தோன்றுகிறது.

ஆண்ட்ரோமகியின் எடை முழுக்க ஹெக்டர்மேல் இருக்கிறது. அவள் மயங்கவில்லை, காலில் விழவில்லை, தலைவிரித்து அலறவில்லை. சாய்ந்திருக்கிறாள். அவன் ஒரு அடி நகர்ந்தால் அவள் தடுமாறுவாள். ஹோமரில் அவள் சொல்லும் வாதமே இதுதானே: நீ நகர்ந்தால் எனக்கு வேறு பிடிமானம் கிடையாது. இதை உடம்பாலேயே சொல்லிவிட்டார் காஃப்மன். என் ஒன்றரை வரிக் குறிப்பை எழுதியபோது இந்தச் சாய்வை ஒரு நளினமான நிலை என்று மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன்.

குறைகளும் இருக்கின்றன. அவற்றை மறைத்தால் பழைய தப்புக்குப் பதில் புதுத் தப்பு. ஆண்ட்ரோமகியின் முகம் காஃப்மன் வரைந்த எத்தனையோ நாயகிகளின் முகம். ஏழு சகோதரர்களையும் ஒரே நாளில் இழந்தவளின் முகம் அது இல்லை. தலையைச் சாய்ப்பது காஃப்மனுக்கு ஒரு பழக்கம், வேண்டாத இடத்திலும் வரும். தாதியும் குழந்தையும் எனக்குப் போதவில்லை. கதையில் அந்தக் குழந்தைதான் இன்னும் சில வரிகளில் எல்லாவற்றையும் தலைகீழாக்கப் போகிறது. படத்தில் அது ஓரத்துத் துணைப்பாத்திரமாக நின்றுவிடுகிறது. அதைவிடப் பெரிய குறை, அத்திமரம். பேச்சைத்தான் வரைகிறேன் என்று வந்தவர், பேச்சின் பாதியைத்தான் வரைந்தார். அழுது சாயும் பெண் இருக்கிறாள். மதிலைக் கவனித்துவிட்டு வந்த பெண் இல்லை. மதில் பக்கம் நீளும் ஒரு விரல், ஒரு பார்வை, அவ்வளவு இருந்திருந்தால் போதும். அரிஸ்டார்கஸ் அடித்துப்போட்ட வரிகளைக் காஃப்மனும் விட்டுவிட்டார். 1769இல் லண்டனில் ஒரு பெண் ஓவியர் அதையும் வரைந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்தால், விட்டதற்குக் காரணம் புரிகிறது. குறை குறையாகவே இருக்கிறது.

அந்த நான்கு படங்களும் சால்ட்ரம் மாளிகைக்காரர் ஜான் பார்க்கரிடம் போய்ச் சேர்ந்தன. இன்றும் அங்கேயே சேர்ந்து இருக்கின்றன. இது அபூர்வம். கண்காட்சியில் ஒன்றாக வைத்தவை ஏலத்தில் ஆளுக்கொரு மூலைக்குப் போவதுதான் வழக்கம். பெனலபியின் வில்லும் ஹெக்டரின் தலைக்கவசமும் இரண்டரை நூற்றாண்டாக ஒரே கூரையின் கீழ்.

தலைக்கவசத்தைப் பற்றி எடுத்த ஒரு குறிப்பு மிச்சம் இருக்கிறது. ஆறாம் காண்டத்தில் குழந்தையைப் பயமுறுத்திய அந்தத் தலைக்கவசம் பிறகு என்ன ஆயிற்று என்று தேடினேன். ஹெக்டர் சாகும்போது அவன் உடம்பில் இருந்தது அவனுடைய கவசம் இல்லை. பதினேழாம் காண்டத்தில் பட்ரோக்ளஸின் உடலிலிருந்து கழற்றிய அக்கிலீஸின் கவசத்தை அவன் போட்டுக்கொள்கிறான். தன்னுடையதைக் கழற்றி, ஊருக்குள் கொண்டுபோகச் சொல்லித் தன் ஆட்களிடம் கொடுத்து அனுப்புகிறான். அதற்கப்புறம் ஹோமர் அதைப் பற்றிப் பேசுவதில்லை. இருபத்திரண்டாம் காண்டத்தில் ஆண்ட்ரோமகி தறியில் உட்கார்ந்திருக்கிறாள், அவன் சொன்னபடியே. போரிலிருந்து வருகிறவன் குளிக்க வெந்நீர் வைக்கச் சொல்லிப் பணிப்பெண்களுக்கு உத்தரவிட்டிருக்கிறாள். அண்டா அடுப்பில் இருக்கிறது. மதில் பக்கமிருந்து அலறல் கேட்கும்போது, தலைக்கவசம் ஏற்கெனவே ஊர் வந்து சேர்ந்திருக்க வேண்டும்.